அமெரிக்காவில் மேனுஃபாக்சர்டு வீடு: பிளக் பாயின்ட், ஸ்விட்ச் மாற்றுவது எப்படி?

கலிஃபோர்னியாவின் சன்னிவேல், சான் ஹோசே பக்கம் தனி வீட்டு விலையைக் கேட்டு மலைத்துப்போய், மொபைல் ஹோம் பார்க்கில் ஒரு மேனுஃபாக்சர்டு வீட்டை, அதாவது தொழிற்சாலையில் கட்டிக் கொண்டுவந்து வைக்கும் வீட்டை, வாங்கிக் குடியேறியவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு பிளக் பாயின்ட் தளர்ந்து, சார்ஜரைச் செருகினால் தானாகக் கழன்று விழும். ஏதாவது ஒரு ஸ்விட்ச் போடும்போது சடசடக்கும். யூடியூபில் பார்த்துவிட்டு, கடையில் மூன்று டாலருக்குப் புதியதை வாங்கிவந்து பழையதன் கவரைக் கழற்றினால், வீடியோவில் காட்டியது எதுவுமே அங்கே இருக்காது. சுவருக்குள், பாயின்ட்டையும் ஒயரையும் அடக்கும் பெட்டி கிடையாது. ஒயரை முறுக்க ஸ்க்ரூ கிடையாது. பல இடங்களில் கேபிளை வெட்டியே இருக்க மாட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நான் நிறைய அலைந்தேன். சில்லறை வேலைகளுக்குக் கூப்பிடும் ஹேண்டிமேன்களே "இது என்ன ஐட்டம், நான் பார்த்ததில்லையே" என்று கையை விரித்தார்கள். கீழே சொல்லும் அனுமதி, லைசென்ஸ் விவரங்கள் கலிஃபோர்னியாவுக்கானவை. சுவருக்குள் இருக்கும் சமாசாரம் டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் இதேதான்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

1. வீட்டின் வயதையும் ஒயரின் உலோகத்தையும் பாருங்கள்

1976 ஜூன் 15 முதல் தயாரான வீடுகள் ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி கட்டப்பட்டவை. வீட்டின் வெளிச்சுவரில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாக, சிறிய சிவப்பு உலோகத் தகடு இருக்கும். உள்ளே, சமையலறை அலமாரிக் கதவிலோ, படுக்கையறை க்ளாசெட்டிலோ, மின் பேனல் அருகிலோ டேட்டா பிளேட் என்ற ஒரு தாள் ஒட்டியிருக்கும். தயாரிப்பாளர், சீரியல் எண், தயாரித்த தேதி எல்லாம் அதில் உண்டு. இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீடு அதைவிடப் பழையது என்றால் அலுமினியம் ஒயர் இருக்க வாய்ப்பு உண்டு. கேபிளின் மேலுறையில் 'ஏஎல்' அல்லது 'அலுமினம்' என்று அச்சிட்டிருந்தாலோ, உள்ளே கம்பி வெள்ளியாக மின்னினாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தாமிரத்துக்கான சாதாரண பாயின்ட்டில் அலுமினியத்தை மாட்டினால் இணைப்பு காலப்போக்கில் தளர்ந்து சூடேறும். தீப்பிடிக்கும் ஆபத்து நிஜமானது. இந்தக் கட்டுரையின் மிச்சம் தாமிர ஒயர் உள்ள வீடுகளுக்கு மட்டும்.

2. பாயின்ட் கெட்டுவிட்டதா, கரண்ட் வரவில்லையா?

தளர்வு, விரிசல், கருகல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் 'கரண்ட் வரவில்லை' என்பதற்காக மட்டும் மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் குளியலறையில் இருக்கும் ஜிஎஃப்சிஐ பாயின்ட்டைப் பாருங்கள். டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான் வைத்த பாயின்ட் அது. கசிவு தெரிந்தால் கரண்ட்டைத் துண்டித்துவிடும். இந்த வீடுகளில் இரண்டாவது குளியலறை, வாசல்பக்கப் பாயின்ட் எல்லாம் அந்த ஒன்றிலிருந்தே போவது சகஜம். ரீசெட்டை அழுத்தினால் வேலை முடிந்துவிடலாம்.

அதிலும் சரியாகவில்லை என்றால், பாயின்ட்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாகப் போகின்றன என்பதை நினைவில் வையுங்கள். செத்துக் கிடக்கும் பாயின்ட்டில் பழுதே இல்லாமல், அதற்கு முந்தைய, ஒழுங்காக வேலை செய்யும் பாயின்ட்டின் பின்பக்கத்தில் இணைப்பு விட்டிருக்கும். வரிசையில் கடைசியாக வேலை செய்வதையும் முதலில் செத்ததையும் இரண்டையும் திறந்து பார்ப்பதுதான் முறை.

இரண்டு பாதியாகக் கொண்டுவந்து சேர்த்த டபுள்-வைட் வீடு என்றால் இன்னொன்று உண்டு. வீட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் கேபிள் தரைக்கு அடியில், இரண்டும் சேரும் கோட்டில் இருக்கும். ஒரு பாதியில் பல அறைகள் ஒரே நேரத்தில் இருண்டால் அந்த இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை. சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு உடனே மின் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள்.

3. பெட்டி உள்ளதா, இல்லாததா?

கவரின் நடுவில் ஸ்க்ரூ தெரிந்தால் அநேகமாக வழக்கமான பாயின்ட், பின்னால் பெட்டி இருக்கும். ஸ்க்ரூவே தெரியாமல், கவர் 'டப்' என்று அழுத்தி மாட்டியதாக இருந்தால் அது செல்ஃப் கன்டெய்ன்ட் டிவைஸ் வகை, சுருக்கமாக எஸ்சிடி. எஸ்சிடி என்று கேட்டால் மொபைல் ஹோம் உதிரிபாகக் கடைகளில் தெரியும்.

இந்த வகையில் பாயின்ட்டும் பெட்டியும் ஒன்றே. கேபிளின் மேலுறையைக் கொஞ்சம் உரித்து, ஒயர்களைப் பின்பக்கப் பள்ளங்களில் படுக்கவைத்து, மூடியை ஒரு கருவியால் அழுத்துவார்கள். உள்ளே இருக்கும் தகட்டு முனைகள் ஒயரின் இன்சுலேஷனைக் கிழித்துத் தாமிரத்தைக் கவ்விக்கொள்ளும். தொழிற்சாலையில் வேகமாக வேலை முடிய இது வசதி. மலிவானது என்றாலும் சட்டவிரோதமானது அல்ல. அமெரிக்க மின் விதித்தொகுப்பே அனுமதிக்கும் முறைதான். பிரச்சினை கெடும்போதுதான் தெரியும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற பெரிய சாமான்களை வருடக்கணக்கில் செருகிச் செருகி அந்தக் கவ்வல் தளர்ந்துவிடும்.

4. எதை மாட்டுவது என்று முடிவெடுங்கள்

முதல் வழி, அதே எஸ்சிடி வகையில் புதியதை வாங்கி மாட்டுவது. ஓட்டையை வெட்ட வேண்டாம், கேபிள் நீளம் குறையாது. ஒன்று 6 முதல் 12 டாலர் வரை இருக்கும். பெரிய ஹார்ட்வேர் கடைகளின் அலமாரியில் பெரும்பாலும் கிடைக்காது; மொபைல் ஹோம் உதிரிபாகக் கடையிலோ ஆன்லைனிலோதான் வாங்க வேண்டும், தபால் வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் என்பது ஒயரின் தடிமன் அளவு; 14 கேஜ் ஒயருக்கா 12 கேஜுக்கா என்று பார்த்து வாங்குங்கள். தகட்டு முனை ஒயர் தடிமனுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது, மாற்றிப் போட்டால் சரியாகக் கவ்வாது.

இரண்டாவது வழி, ஓல்டு வொர்க் பாக்ஸ் என்ற பிளாஸ்டிக் பெட்டியைச் சுவரில் பொருத்தி, அதில் சாதாரண பாயின்ட்டை மாட்டுவது. பெட்டி 3 முதல் 5 டாலர், பாயின்ட் 2 முதல் 4 டாலர், எல்லாக் கடையிலும் உண்டு. இணைப்பு ஸ்க்ரூவில் இறுக்கப்படுவதால் எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ஜிஎஃப்சிஐ, டிம்மர், ஸ்மார்ட் ஸ்விட்ச் போட வேண்டும் என்றாலும் பெட்டி வேண்டும்.

ஆனால் பெட்டி வாங்குமுன் சுவரின் ஆழத்தை அளந்துவிடுங்கள். பழைய வீடுகளின் உள்சுவர்கள் பல 2x3 கட்டையில் நிற்பவை. உள்ளே இரண்டரை அங்குலம்தான் இடம். ஆழமான பெட்டி அந்தப் பக்கத்துப் பலகையில் இடிக்கும். அதற்காகக் குட்டிப் பெட்டி வாங்கினால் ஒயர் அடங்காது. உள்ளே வரும் ஒரு கேபிள், வெளியே போகும் ஒரு கேபிள், ஒரு பாயின்ட் என்றால் 14 கேஜுக்கு 14 கன அங்குலமும், 12 கேஜுக்கு 15.75 கன அங்குலமும் குறைந்தபட்சத் தேவை. பெட்டிக்குள் கொள்ளளவு அச்சிட்டிருக்கும். 18 கன அங்குலம் இருந்தால் நிம்மதி. ஆழம் போதாத சுவருக்கு, அகலம் கூடி ஆழம் குறைந்த பெட்டிகளும் விற்கிறார்கள்.

என் யோசனை: படுக்கையறை ஸ்விட்ச் போன்ற லேசான இடங்களுக்கு எஸ்சிடியே போதும். சமையலறை, ஹீட்டர் செருகும் இடம், குளியலறைக்குப் பெட்டி வையுங்கள்.

5. அனுமதியும் ஆளும்

இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவில் மேனுஃபாக்சர்டு வீட்டில் செய்யும் மாற்றங்களைக் கவனிப்பது நகராட்சிக் கட்டட அலுவலகம் அல்ல, எச்சிடி எனப்படும் மாநில வீட்டுவசதித் துறை. பழையதற்குப் பதில் அதே மாதிரி ஒன்றை மாட்டுவது ஒரு வகை; புது லைன் இழுப்பது, கூடுதல் பாயின்ட் வைப்பது, பேனலை மாற்றுவது வேறு வகை. இரண்டாவதற்கு அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். பெட்டி வைத்து மாற்றப்போவதாக இருந்தால், என்ன செய்கிறீர்கள் என்று நாலு வரியில் எச்சிடிக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கேட்கும்போது சீரியல் எண், தகட்டில் உள்ள எண், எச்சிடி பதிவு ஸ்டிக்கரில் உள்ள டீக்கால் எண் மூன்றையும் கையில் வைத்திருங்கள். பார்க் மேனேஜரின் விதிப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள், பொறுப்பு யாருடையது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஊருக்கு ஊர் மாறும்.

ஆள் வைத்துச் செய்வதானால், கலிஃபோர்னியாவில் மின்வேலை ஒப்பந்ததாரருக்கு சி-10 லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஹேண்டிமேன் எடுக்கக்கூடிய வேலையின் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1,000 டாலருக்குக் கீழ். அதற்கு முன் 500. கூலி, சாமான் இரண்டும் சேர்த்த தொகை அது. அனுமதி தேவைப்படும் வேலை என்றால் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் செய்யக்கூடாது. லைசென்ஸ் எண்ணை மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். காசு செலவில்லை.

எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வந்தாலே 150 டாலருக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு பாயின்ட்டுக்காகக் கூப்பிடாமல், பட்டியல் போட்டு மொத்தமாகச் செய்யச் சொல்லுங்கள். போனிலேயே "மேனுஃபாக்சர்டு வீட்டின் பெட்டியில்லாத பாயின்ட்டில் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

6. கடைக்குப் போகுமுன் பட்டியல்

தொடாமலே கரண்ட் காட்டும் பேனா டெஸ்டர், 15 முதல் 25 டாலர். மூன்று விளக்கு உள்ள பிளக் டெஸ்டர், 10 டாலர் அளவில். ஜிஎஃப்சிஐ பொத்தான் வைத்ததாக வாங்குங்கள். முடிந்தால் ஒரு மல்டிமீட்டர். ஒயர் உரிக்கும் பிளையர், சுவரின் ஜிப்சம் பலகையை அறுக்கும் சின்ன ரம்பம், ஒயர்களை ஒன்றாகச் சேர்க்கும், நெம்புகோல் வைத்த வேகோ கனெக்டர்கள், கொஞ்சம் அதே கேஜ் ஒயர்.

பாயின்ட் வாங்கும்போது முகப்பில் 'டிஆர்' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். குழந்தைகள் கம்பியை நுழைக்க முடியாதபடி ஷட்டர் வைத்தது அது. மாற்றும்போது அந்த வகையைத்தான் போட வேண்டும். யுஎல் அல்லது ஈடிஎல் என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இல்லாத ஆன்லைன் சரக்கு, பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். சமையல் மேடை, குளியலறை, துணி துவைக்கும் இடம், வீட்டுக்கு வெளியே என்றால் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு அவசியம். ஒன்று 18 முதல் 30 டாலர்.

7. கரண்ட்டை நிறுத்துங்கள், நின்றதா என்று இரண்டு முறை பாருங்கள்

வீட்டுக்குள் இருக்கும் பேனலில் அந்த லைனின் பிரேக்கரை அணையுங்கள். பேனல் கதவில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சந்தேகமாக இருந்தால் வெளியே கம்பத்தில், மீட்டர் பக்கத்தில் இருக்கும் மெயினை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் வேலை வையுங்கள், ஃப்ரிட்ஜ் ஒரு மணி நேரம் தாங்கும்.

டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள வேறு ஒரு பாயின்ட்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு கழற்றப்போகும் பாயின்ட்டின் மேல், கீழ் இரண்டு துளைகளிலும் பாருங்கள். மறுபடி கரண்ட் உள்ளதில் வைத்து உறுதி செய்யுங்கள். 120 வோல்ட்தானே, ஊரில் 230 வோல்ட்டையே பார்த்தவர்கள் நாம் என்ற தெனாவெட்டு வேண்டாம். ஆளைக் கொல்ல 120 போதும்.

8. நிறத்தில் ஏமாறாதீர்கள்

ஊரில் வயரிங் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. இந்தியாவில் கறுப்பு நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்புதான் கரண்ட் வரும் ஃபேஸ். வெள்ளை நியூட்ரல், உறையில்லாத வெற்றுத் தாமிரம் எர்த். பித்தளை நிற ஸ்க்ரூவில் கறுப்பு, வெள்ளி நிற ஸ்க்ரூவில் வெள்ளை, பச்சை ஸ்க்ரூவில் எர்த்.

ஸ்விட்ச்சில் இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளை ஒயரே ஃபேஸாக வேலை செய்யும் இடங்கள் இருக்கும், அதனால் ஸ்விட்ச் பெட்டியில் வெள்ளை என்றாலே நியூட்ரல் என்று எடுத்துக்கொண்டு ஸ்மார்ட் ஸ்விட்ச்சை இணைத்துவிடாதீர்கள். இரண்டு இடத்திலிருந்து ஒரே விளக்கைப் போடும் த்ரீ-வே ஸ்விட்ச்சில், கருநிற ஸ்க்ரூவில் இருக்கும் ஒயருக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அது மாறினால் விளக்கு விசித்திரமாக நடந்துகொள்ளும். அப்புறம், இங்கே ஸ்விட்ச் மேலே தள்ளினால் எரியும். பழக்க தோஷத்தில் தலைகீழாக மாட்டிவிட்டு விருந்தாளிகளைக் குழப்பாதீர்கள்.

9. கழற்றுதல், மாட்டுதல்

கவரின் ஓரத்தில் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை விட்டு மெல்ல நெம்புங்கள். இந்தச் சுவர்ப் பலகை பல வீடுகளில் 5/16 அங்குலம்தான், மேலே வினைல் காகிதம். கொஞ்சம் அழுத்தினாலும் உடையும், கிழியும். மாற்றுக் காகிதம் கிடைப்பது கடினம். கவர் வந்ததும் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றைத் தளர்த்தினால் பலகைக்குப் பின்னால் பிடித்திருக்கும் காதுகள் மடங்கும். பாயின்ட்டைக் கேபிளோடு மெதுவாக வெளியே இழுத்து, பல கோணத்தில் போட்டோ எடுங்கள்.

எஸ்சிடிக்கு எஸ்சிடி என்றால், பின்மூடியைத் திறந்து கேபிளை விடுவித்து, ஒயர்களைப் புதியதில் அதே வரிசையில் படுக்கவைத்து, தயாரிப்பாளர் தாளில் சொன்ன கருவியால் மூடி முழுதாகப் பூட்டும்வரை அழுத்த வேண்டும். பழைய முனை குத்திய அதே இடத்தில் மறுபடி கவ்வவைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளிப் புது இடத்தில் வையுங்கள். பாதி பூட்டிய மூடி, தளர்ந்த பழைய பாயின்ட்டைவிட மோசம்.

பெட்டி வைப்பதானால் கேபிளை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டுமுன் எவ்வளவு தளர்ச்சி இருக்கிறது என்று இழுத்துப் பாருங்கள், எல்லாமே இதைப் பொறுத்ததுதான். பெட்டிக்குள் மேலுறை கால் அங்குலமாவது வர வேண்டும். அதற்கு மேல் ஒயர் 6 அங்குலம் இருக்க வேண்டும். பழைய முனை கிழித்த பகுதியை வெட்டி எறிந்த பிறகும் அந்த நீளம் மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் வெட்டாதீர்கள், எஸ்சிடிக்கே திரும்புங்கள். இழுத்துப் பிடித்து எட்டாத ஒயரை ஸ்க்ரூவில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அடுத்தவருக்குத் தலைவலி வைக்கிறார்கள்.

நீளம் உண்டு என்றால் ஓட்டையைப் பெட்டியின் அளவுக்குப் பென்சிலால் வரைந்து, வரைகோட்டுக்குள்ளேயே ரம்பத்தால் அறுங்கள். எஸ்சிடி ஓட்டையைவிட இது பெரும்பாலும் கொஞ்சம் பெரியது. கேபிள் பின்னால் எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அறுங்கள். வெளிச்சுவரில் இன்சுலேஷனும் ஈரத்தடுப்புத் தாளும் இருக்கும், கிழிக்காமல் ஒதுக்குங்கள். இரு கேபிளையும் பெட்டிக்குள் விட்டு, பெட்டியின் காதுகளைப் பலகை நசுங்காத அளவுக்கு இறுக்குங்கள்.

இரண்டு கறுப்பு ஒயரோடு ஒரு சின்னத் துண்டு கறுப்பு ஒயரைச் சேர்த்து ஒரு வேகோவில். வெள்ளையும் எர்த்தும் அதே மாதிரி. மூன்று துண்டுகள் மட்டும் பாயின்ட்டுக்குப் போகட்டும். பின்னால் ஒரு பாயின்ட் கெட்டாலும் சங்கிலி அறாது. பாயின்ட்டின் முதுகில் ஒயரைக் குத்திச் செருகும் துளைகள் இருக்கும். அவற்றைத் தொடாமல் பக்கவாட்டு ஸ்க்ரூவில் சுற்றி இறுக்குங்கள். 20 ஆம்பியர் பிரேக்கர் என்றால் இந்தத் துண்டு ஒயரும் 12 கேஜாக இருக்க வேண்டும்.

ஜிஎஃப்சிஐயில் 'லைன்' என்று எழுதிய ஸ்க்ரூவில் கரண்ட் வரும் கேபிள். மஞ்சள் டேப் ஒட்டிய 'லோட்' பக்கத்தில் மேற்கொண்டு போகும் கேபிள். மாறினால் ரீசெட் ஆகாது.

எர்த் ஒயர் வரவில்லை என்பதற்காக நியூட்ரல் ஸ்க்ரூவிலிருந்து பச்சை ஸ்க்ரூவுக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நான் வாங்கிய வீட்டிலும் முன்பு யாரோ அப்படிச் செய்துவைத்திருந்தார்கள். மேனுஃபாக்சர்டு வீட்டில் இது படு ஆபத்து. இந்த வீடுகளின் உள் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் வேண்டுமென்றே பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் சேருவது வெளியே மெயினில்தான். வீட்டின் இரும்புச் சட்டம் எர்த்தோடு இணைந்தது. உள்ளே எங்காவது இரண்டையும் சேர்த்துவிட்டு, பின்னால் நியூட்ரல் விட்டுப்போனால், சட்டமும் உலோக வெளித்தகடும் கரண்ட் ஏறி நிற்கலாம்.

புதியவருக்கு முதல் பாயின்ட் ஒரு மணி நேரம் எடுக்கும். கை பழகிவிட்டால் அரை மணி. ஒரே நாளில் வீடு முழுக்க முடிக்க நினைக்காமல் அறை அறையாகப் போங்கள்.

10. சோதனை

கவரை மாட்டுமுன் பிரேக்கரைப் போட்டு பிளக் டெஸ்டரைச் செருகுங்கள். விளக்குகள் 'சரி' என்று காட்டினாலும், மேலே சொன்ன நியூட்ரல்-எர்த் திருட்டு இணைப்பை அது கண்டுபிடிக்காது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதே லைனில் உள்ள மற்ற பாயின்ட்களையும் சோதியுங்கள். ஜிஎஃப்சிஐயில் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது துண்டிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹேர் டிரையர் போல ஒரு பெரிய சாமானைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு முகப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பிரேக்கரை அணைத்துத் திறந்து, இணைப்பை மறுபடி இறுக்குங்கள். பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்தால் பெரிய பிரேக்கர் வாங்கிப் போடும் எண்ணமே வேண்டாம்: 14 கேஜுக்கு 15 ஆம்பியர், 12 கேஜுக்கு 20, அதற்கு மேல் கிடையாது.

11. காகிதங்கள்

மூடுமுன் எடுத்த போட்டோ, சாமான் ரசீது, ஆள் வைத்திருந்தால் அவர் லைசென்ஸ் எண்ணோடு கூடிய பில், எச்சிடியின் பதில் அல்லது அனுமதித் தாள், டேட்டா பிளேட் போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் முதலில் திறந்து பார்ப்பதில் பாயின்ட்களும் உண்டு. தீ விபத்து என்று இன்ஷூரன்ஸ் கேட்கப்போனால், மின்வேலை யார் செய்தது என்று அங்கேயும் கேட்பார்கள். எந்தப் பிரேக்கர் எந்தப் பாயின்ட்டுக்கு என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டதால், பேனல் கதவில் பழைய பட்டியலை அடித்துவிட்டுச் சரியானதைத் தேதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள்.